மேகத்துக்குள் மறையும் பாதங்கள்

நாமக்கல் மலையின் நரசிம்மர் குடைவரையில் திரிவிக்கிரமர் ஒரு காலை வானுக்குத் தூக்கி நிற்கிறார். ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குடைந்த கோயில் அது. விண்ணை எட்டும் பாதத்தைப் பார்த்துப் பழகிய ஊருக்கு, 1511-இல் ஜெர்மனியில் அச்சான ஒரு சின்னப் படம் அந்நியமாகத் தெரியாது.

ஆல்பிரெக்ட் டியூரரின் ‘சிறிய பாடுகள்’ வரிசையில் வரும் மரச்செதுக்குப் படம். தலைப்பு ஆண்டவரின் விண்ணேற்றம். ஆனால் ஆண்டவரின் முகமே அதில் இல்லை. மேல் விளிம்பில் மேகம், அதன் கீழே இரண்டு பாதங்களும் அங்கியின் ஓரமும் மட்டும். குன்றின் உச்சியில், அவர் நின்ற இடத்தில், காலடித் தடங்கள். சுற்றிலும் சீடர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மரக்கட்டையில் செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது. அந்த வெற்றுத் தாளே விண்ணக ஒளியாகிவிடுகிறது. கறுப்பு மை ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் செய்தது பெரிய சாதனை.

மாதா விண்ணகம் செல்லும் படத்துக்கு இலக்கணம் வேறு. டியூரர் 1510-இல் வரைந்ததில், கீழே வெறுமையான கல்லறையைச் சூழ்ந்து சீடர்கள். மேலே மூவொரு கடவுள் மாதாவுக்கு முடிசூட்டுகிறார். மற்ற பல படங்களில் சம்மனசுகள் மாதாவைத் தாங்கிச் செல்வார்கள். டியூரரின் விண்ணேற்றப் படத்தில் ஆண்டவரை யாரும் தாங்கவில்லை. அவர் ஏறுகிறார், மாதா ஏற்கப்படுகிறார். தமிழ்த் திருச்சபை இதை ‘விண்ணேற்றம்’, ‘விண்ணேற்பு’ என்று இரண்டே சொல்லில் பிரித்துவிட்டது.

இயேசு சபையினருக்கு அச்சுப் படம் வேதம் சொல்லித்தரும் கருவி. அச்சபையின் நடால் தொகுத்த நற்செய்திப் படநூல் 1593-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. அதன் 153 செப்புத்தகட்டுப் படங்களில் கடைசிப் படம் மாதாவின் விண்ணேற்பு. முப்பது ஆண்டு கழித்து, 1623-இல், அதே சபையின் தத்துவ போதகர் ராபர்ட் தே நோபிலி கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் போனார். நோபிலி தமிழில் உரைநடை எழுதினார். பின்னால் வந்த வீரமாமுனிவர் பாட்டைக் கையில் எடுத்தார். அவருடைய தேம்பாவணி, விண்ணகத்தில் சூசையப்பர் முடிசூடும் படலத்தோடு முடிகிறது. டியூரரின் படத்தில் மாதாவுக்கு நடந்த அதே முடிசூட்டு!

பட அச்சில் செப்புத்தகடு போய்க் கல்லச்சு வந்தது. பிறகு சிவகாசி ஆப்செட் நாள்காட்டி. ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள் குப்பைக்குப் போகிறது. பாட்டியின் செபப் புத்தகத்துக்குள் பழைய மாதா படம் ஒன்று மஞ்சளித்துக் கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதி வையுங்கள்.