பதுவையில் பீனாவின் முகம்

பதுவை என்றதும் நம்மவர்க்கு அந்தோனியார்தான் நினைவுக்கு வருவார். சென்ற ஆண்டு நானும் அவருடைய கோவிலுக்கென்றே இத்தாலிக்குப் போனேன். பின்னேரம் பொழுதிருந்தது, ஆயரின் பேராலயத்தையும் பார்க்க நடந்தேன். 16ஆம் நூற்றாண்டில் திருப்பிக் கட்டத் தொடங்கிய கோவில் அது. முகப்பு வேலை முடியாமலே, செங்கல் தெரிய நிற்கிறது.

பக்கத்திலுள்ள சிறிய ஞானஸ்நான மண்டபத்துக்குள் நுழைந்ததும் தலை தானாக நிமிர்ந்துவிட்டது. குவிமாடத்தின் நடுவே கிறிஸ்து; அவரைச் சுற்றி வட்ட வட்டமாய்ப் புனிதர்கள். சுவரிலும் வெற்றிடம் இல்லை. 1370களில் இவற்றை வரைந்தவர் ஜூஸ்தோ தெ மெனபுவோய். வரைவித்தவரோ பதுவையை ஆண்ட பிரான்செஸ்கோ ட கர்ராராவின் மனைவி பீனா. இந்த மண்டபத்தையே தமக்கும் கணவருக்கும் கல்லறையாக்க நினைத்தார். 1378இல் இறந்து இங்கேயே அடக்கமானார்.

1405இல் வெனிஸ் பதுவையைப் பிடித்தது. பீனாவின் மகனையும் பேரன்மார் இருவரையும் 1406இல் வெனிஸ் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மண்டபத்திலிருந்த கல்லறைகளையும் விட்டுவைக்கவில்லை. கல்லறை என்ன பாவம் செய்தது?

ஆனால் பீனா சுவரில் இருக்கிறார். திருமுழுக்கு யோவான் பிறந்த காட்சியில், குழந்தை பார்க்க வந்த அயல்வீட்டுக்காரிபோல, தம் மூன்று பெண்பிள்ளைகளோடு நிற்கிறார். மகுடம் சூடிய தோரணை ஒன்றும் இல்லை. நேரம் முடிந்ததென்று காவலாளி சொல்லும்வரை நான் அந்தச் சுவரைவிட்டு நகரவில்லை.