திராட்சைத் தோட்டத்தில் நம் கரையின் பெயர்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் கர்நாடக எல்லையைக் கடந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வந்து தங்குவது ஆண்டுதோறும் நாங்கள் காணும் காட்சி. எல்லைக்கு அப்பாலிருந்து வருவன யானைகள் மட்டுமல்ல. பெங்களூரைச் சுற்றி விளையும் நீலத் திராட்சையும் கூடை கூடையாக ஓசூர்ச் சந்தைக்கு வந்து சேர்கிறது. நாகூரை அடுத்த கடலோரத்தில் பிறந்த நான், ஓதிக் கொடுக்கும் பணியின் நிமித்தம் இந்த எல்லைப் புறத்துக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

அத்தகைய ஒரு திராட்சைப் பருவத்தில், ஃபிக்ஹுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மது பற்றிய அத்தியாயம் வந்தது. பழம் ஆகும், புளிக்காத சாறு ஆகும், போதை ஏறிய சாறு ஆகாது, அதுவே தானாகக் காடியாக மாறினால் மீண்டும் ஆகும் என்று விளக்கினேன். மதுவின் பொருட்டு அதைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் உள்ளிட்ட பதின்மர் சபிக்கப்பட்டுள்ளனர் என்னும் நபிமொழியையும் எடுத்துரைத்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, “உஸ்தாத், ஒருவனை அடித்துப் பிழியச் சொன்னால் அவனுக்கும் சாபம் உண்டா?” என்று வினவினான். நிர்ப்பந்தம் குற்றத்தை நீக்கும். நிர்ப்பந்திப்பவன் மீதே பாவம் சாரும் என்று கிதாபில் உள்ளபடி விடை கூறிவிட்டு மேலே சென்றேன்.

அந்த வினாவுக்கு உரிய மனிதர்கள் உண்மையிலேயே வாழ்ந்தார்கள் என்பதையும், அவர்களுள் சிலர் நான் பிறந்த கரையிலிருந்தே சென்றவர்கள் என்பதையும் அன்று நான் சிந்திக்கவில்லை.

தோட்டத்தின் வாயிலில்

சில ஆண்டுகளுக்கு முன், தொழில் நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இருந்த என் மகன் என்னை அங்கு அழைத்திருந்தான். “வாப்பா, பழைய பண்ணை ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம்” என்றான். அது கான்ஸ்டன்ஷியா என்னும் திராட்சைத் தோட்டம் என்று அறிந்ததும் தயங்கினேன். மது வடிக்கும் இடத்தில் தலைப்பாகை கட்டியவனுக்கு என்ன வேலை? அதற்கு அவன், “அங்கே ஒரு ஜியாரத்தும் இருக்கிறது” என்றான். அந்த ஒரு சொல்லே என்னைப் புறப்படச் செய்தது.

அவன் சொன்னது உண்மைதான். கிளைன் கான்ஸ்டன்ஷியா என்னும் தோட்டத்தின் நுழைவாயிலை ஒட்டி ஓர் அடக்கத்தலம் உள்ளது. அங்கே அடங்கியிருப்பவர் ஷைகு அப்துர் ரஹ்மான் மதேபெ ஷா. மலாய் உலகத்து அரச மரபினரான இவரை டச்சுக் கம்பெனியார் 1667ஆம் ஆண்டு கேப் பகுதிக்கு நாடு கடத்தினர் என்பது அங்கு வழங்கும் வரலாறு. ஒரு புறம் ஸலாம் உரைத்து நிற்கும் முஸ்லிம்கள். மறு புறம் மதுவைச் சுவை பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள். இவ்விரண்டும் ஒரே வாயிலில் எவ்வாறு சேர்ந்தன என்பதை அறிய வேண்டுமானால் மூன்றரை நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஒரு தங்குதுறையை நிறுவியது. ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்குவதே அதன் நோக்கம். அங்கு விளைந்த திராட்சையிலிருந்து 1659ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் முதன்முறையாக மது பிழியப்பட்டதென்று தலைவர் வான் ரீபெக் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பின்னர் தலைமை ஏற்ற சைமன் வான் டெர் ஸ்டெல், 1685ஆம் ஆண்டு மலைச்சரிவில் பெரும் நிலத்தைப் பெற்று, அதற்குக் கான்ஸ்டன்ஷியா எனப் பெயர் சூட்டினார். இவருடைய தாயைப் பெற்ற பாட்டி ஓர் இந்தியக் கடற்கரைப் பெண் என்பது இங்கே நினைவில் இருத்தத் தக்க செய்தி.

1778ஆம் ஆண்டு அத்தோட்டம் க்ளூட்டே குடும்பத்தாரிடம் சென்றது. அவர்கள் காலத்தில் கான்ஸ்டன்ஷியாவின் இனிய மது ஐரோப்பிய அரண்மனைகள் வரை புகழ் பெற்றது. செயின்ட் ஹெலினா தீவில் சிறை வைக்கப்பட்ட நெப்போலியனுக்கும் அது கப்பலில் அனுப்பப்பட்டது. 1885ஆம் ஆண்டு அரசாங்கம் தோட்டத்தை விலைக்கு வாங்கியது. இன்று அந்த வெண்ணிற மாளிகை ஓர் அருங்காட்சியகம். மாளிகையின் பேரழகை மறுப்பதற்கில்லை. ஆனால் புட்டியின் மீது ஒட்டிய தாளில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. பிழிந்தவர் பெயர் இல்லை.

பெயரிழந்தவர்கள்

அப்பெயர்கள் வேறொரு பட்டியலில் இருக்கின்றன. பண்ணை முதலாளி ஒருவர் இறந்தால் அவருடைய சொத்துகளைக் கணக்கெடுத்து எழுதுவது கேப் பகுதியின் வழக்கம். கட்டில், நாற்காலி, மாடு, மதுப் பீப்பாய் ஆகியவற்றோடு அடிமைகளின் பெயர்களும் அங்கே வரிசையாக எழுதப்பட்டன. அவை தாயும் தந்தையும் இட்ட பெயர்கள் அல்ல. விற்கப்பட்ட மாதத்தை வைத்து ஒருவனுக்குச் செப்டம்பர், மற்றொருவனுக்குப் பிப்ரவரி. கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்து எடுத்து ஒருவனுக்குக் க்யூபிட், மற்றொருவனுக்குக் கொரிடன். செப்டம்பர் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் இன்றும் கேப் டவுனில் வாழ்கிறார்கள். இயற்பெயரை அழித்த எழுத்தர்கள் பிறப்பிடத்தை மட்டும் விட்டுவைத்தனர். “வான் பெங்காலன்” என்றால் வங்காளத்தான்; “வான் மலபார்” என்றால் மலையாளக் கரையான்; “வான் சிலோன்” என்றால் இலங்கையான்; “வான் கோரமண்டல்” என்றால் சோழமண்டலக் கரையான்.

1652 முதல் 1808 வரை கேப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். அவர்களில் வங்காளத்தாரும் மலையாளக் கரையாரும் மிகுதி. நம் கரையார் அவர்களோடு கலந்திருந்தனர். தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றை நாம் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ட்ரூரோ கப்பல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை இறக்கியதிலிருந்து தொடங்குகிறோம். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியர் அம்மண்ணில் திராட்சைக் கொடிக்குக் கவாத்துச் செய்தனர் என்பதை நம் பாடநூல்கள் கூறுவதில்லை.

அவர்கள் எப்படிப் போனார்கள்? பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டளவில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1658ஆம் ஆண்டு நாகப்பட்டினமும் அவர்கள் கைக்கு வந்தது. நம் கரையிலிருந்து துணி சென்றது என்பதைப் பெருமையோடு எழுதுகிறோம். துணி மூட்டைகளோடு மனிதர்களும் சென்றனர். மழை பொய்த்தபோதும் படையெடுப்பு நேர்ந்தபோதும் அவ்விற்பனை பெருகியது. 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் 2,118 பேர் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1659 முதல் 1661 வரை பிஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர் வரை விற்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒரு வேளைச் சோற்றுக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் உண்டு. கடத்தி விற்கப்பட்டவர்களும் உண்டு. இலங்கையிலும் பத்தாவியாவிலும் பணி முடித்து ஊர் திரும்பிய கம்பெனி அதிகாரிகள், தாம் வைத்திருந்த அடிமைகளை வழியில் கேப் பகுதியில் நல்ல விலைக்கு விற்றுச் சென்றனர். காவிரிக் கரையில் பிறந்த ஒருவன் கான்ஸ்டன்ஷியா மலைச்சரிவை அடையக்கூடிய பாதை இதுதான்.

மார்க்கம் அவர்களை அடைந்த விதம்

இந்த இருளிலேதான் ஓர் ஒளியும் தென்படுகிறது. மக்காஸரில் பிறந்து, யமனிலும் மக்கா மதீனாவிலும் திமஷ்கிலும் கல்வி கற்ற பெரியார் ஷைகு யூசுப். பான்டன் போரில் டச்சுக்காரர்களை எதிர்த்தமையால் சிறைபிடிக்கப்பட்டு, 1684ஆம் ஆண்டு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். பத்தாண்டுகள் அங்கிருந்து அவர் அரபு மொழியில் இயற்றிய நூல்களுள் ஒன்றின் பெயர் ‘அந்நஃப்ஹத்துஸ் ஸைலானிய்யா’. அதாவது இலங்கையின் நறுமணம். ஹஜ்ஜுக்குச் செல்வோர் வழியாக அவருடைய எழுத்துகள் தாயகம் சேர்வதைக் கண்டு அஞ்சிய கம்பெனியார், 1694ஆம் ஆண்டு அவரைக் குடும்பத்தாரும் சீடர்களுமாக நாற்பத்தொன்பது பேருடன் கேப் பகுதிக்கு அனுப்பினர். நகரத்து அடிமைகளோடு பழகக்கூடாது என்பதற்காக ஸாண்ட்ஃப்ளீட் என்னும் தொலைவான பண்ணையில் வைத்தனர். ஆனால் ஓடிவந்த அடிமைகள் அவரை அங்கே நாடிச் சென்றனர். 1699ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவ்விடம் இன்றும் மக்காஸர் என்றே வழங்குகிறது.

அடுத்த நூற்றாண்டில் திதோர் தீவைச் சேர்ந்த காழி அப்துஸ் ஸலாமின் மகனார் அப்துல்லாஹ், 1780ஆம் ஆண்டு ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். துவான் குரு எனப் போற்றப்படும் அப்பெரியார், திருமறையைத் தம் நினைவிலிருந்தே சிறையில் எழுதினார் என்பர். விடுதலைக்குப் பின் 1793ஆம் ஆண்டு அவர் தொடங்கிய மத்ரஸாவில் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் ஒரே பாயில் அமர்ந்து ஓதினர். அகீதாவில் அஷ்அரி வழி. சட்டத்தில் ஷாஃபிஈ மத்ஹபு. நம் கடலோர ஊர்களின் வழியும் அதுவேயன்றோ?

மத்ரஸாவை அடுத்து எழுந்தது அவ்வல் பள்ளிவாசல். தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளியான அதற்கு உரிய இடம் யாருடையது தெரியுமா? கொரிடன் வான் சிலோன் என்னும் விடுதலை பெற்ற அடிமையின் குடும்பத்தாருடையது. அவர் மகள் ஸார்ச்சியின் பெயரால் அந்த இடம் இன்றும் நினைக்கப்படுகிறது. கிரேக்கப் பெயர் சூட்டப்பட்ட இலங்கையான் ஒருவரின் மனையிலே பாங்கோசை எழுந்தது!

மற்றொரு செய்தி என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது. அம்மக்கள் தாம் பேசிய ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் பயின்றனர். அவ்வாறு எழுதப்பட்டு, இஸ்தான்புல்லில் 1877ஆம் ஆண்டு அச்சான அபூபக்ர் எஃபெந்தியின் ‘பயானுத்தீன்’ இன்றும் கிடைக்கிறது. அந்த எழுத்தின் படத்தைக் கண்டபோது, என் பாட்டியார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபின் பக்கமே கண்முன் நின்றது.

திராட்சையைக் காலால் மிதித்துப் பிழிந்தவர்களில் இவர்களும் இருந்தனர். மதுப் பீப்பாய் சூழ்ந்த நாட்டில் முஸ்லிம் அடிமைகள் அதை அருந்தாமல் இருந்தனர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு சென்ற ஐரோப்பியர் வியந்து எழுதியுள்ளனர். உழைப்பு முதலாளிக்குரியது, உடலும் பிறக்கும் பிள்ளையும் அவருக்குரியன. அருந்த மாட்டேன் என்னும் ஒரு சொல் மட்டுமே அவனுக்குரியதாக இருந்தது. கேப் பகுதியில் அடிமை முறை 1834 டிசம்பர் முதல் நாள் சட்டப்படி ஒழிந்தது; பயிற்சிக் காலம் என்னும் பெயரால் மேலும் நான்காண்டுகள் கட்டி வைத்து, 1838 டிசம்பரில்தான் விடுவித்தனர். இழப்பீடு வழங்கப்பட்டது, அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு.

நம் பங்கு என்ன?

டச்சுக்காரர்களைப் பழித்துவிட்டு இக்கட்டுரையை முடிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உள்ளூர்த் தரகர்கள் இன்றி இந்த வாணிகம் நடக்கவில்லை. அந்நாளில் முஸ்லிம் அரசுகளும் வணிகரும் அடிமைகளை வைத்திருந்ததும் வரலாறு. அடிமையை விடுவிப்பதை ஏறுதற்கரிய மேட்டுப் பாதையாக ஸூரத்துல் பலத் காட்டுகிறது. அம்மேட்டில் ஏறாமல் கீழேயே நின்றவர்கள் நம்மிலும் பலர் உண்டு.

சுதந்திரமான மனிதனை விற்று அந்த விலையை உண்டவனுக்கும், கூலிக்காரனிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் கூறுவதை நபிமொழி அறிவிக்கிறது. இவ்விருவரையும் ஏன் ஒரே வரிசையில் நிறுத்தியது என்று முன்பெல்லாம் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கான்ஸ்டன்ஷியாவின் மதுக்கிடங்கைக் கண்ட பிறகு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஊர் திரும்பியபின், ஓசூர்ச் சாலையில் செல்லும்போதெல்லாம் என் பார்வை மாறிவிட்டது. இங்கே பசுமைக் குடில்களில் ரோஜா வளர்கிறது. கடல் கடந்து செல்கிறது. ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். அவர்கள் அடிமைகள் அல்லர். எனினும் அவர்களையும் நாம் ஊரின் பெயராலேயே அழைக்கிறோம். பெயர் கேட்பதில்லை. சானமாவுத் தேநீர்க் கடையில் ஒரு நாள் நானும் “பீகார்த் தம்பி” என்று ஒருவனை விளித்துவிட்டு, வெட்கி, பெயரைக் கேட்டறிந்தேன்.

கடலோர ஊர்களில் வாழும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்துப் பழம்பெட்டிகளில் அரபுத் தமிழில் எழுதிய கணக்கேடுகளும் கடிதங்களும் கிடக்கலாம். அவற்றைச் செல்லரிக்க விடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஆலிமிடம் காட்டுங்கள். கப்பல் எத்தனை, சரக்கு எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், அதில் சென்ற ஆள் எவரேனும் குறிக்கப்பட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். பெருமைக்குரிய செய்தி கிடைத்தால் மகிழ்வோம். சிறுமைக்குரியது கிடைத்தாலும் மறைக்க வேண்டாம். செப்டம்பர் என்று எழுதப்பட்ட அந்த மனிதனின் உண்மைப் பெயர் அப்படியொரு தாளில் இருக்கக் கூடும்.

அன்று வினவிய மாணவனிடம் என் விடையை நீட்டிச் சொல்ல விரும்பினேன். அவன் இப்போது வெளியூரில் வேலை செய்கிறான். கடிதத்தில் எழுதியிருக்கிறேன்: “பிழியச் செய்யப்பட்டவன் மீது சாபம் இல்லை. ஆனால் அவன் யார் என்று கேளாமலே அன்று பாடத்தை முடித்துவிட்டேன். அது என் தவறு.”