கூச்சத்தின் வரலாறு: சுச்சினோகோ என்கிற பிராணியை முன்வைத்து

1

போக்கிமான் விளையாட்டில் நோகோச்சி என்றொரு பிராணி இருக்கிறது. ஆங்கிலப் பதிப்பில் அதற்கு டன்ஸ்பார்ஸ் என்று பெயர். 1999 நவம்பரில் ஜப்பானில் வெளியான 'தங்கம்', 'வெள்ளி' பதிப்புகளில் முதன்முதலாக வந்தது. நடு பருத்த உடம்பு, மூடிய கண், தரையிலிருந்து கொஞ்சம் எழும்ப மட்டும் உதவுகிற இரண்டு குட்டிச் சிறகு. யாராவது பார்த்துவிட்டால் வாலால் மண்ணைத் துளைத்துப் பின்பக்கமாகவே உள்ளே போய்விடும் என்கிறது விளையாட்டுக்குள் இருக்கும் பிராணிக் குறிப்பேடு. கூச்ச சுபாவி. சண்டைக்குப் பெரிதாக உதவாது. "மாமா, இது சும்மா காமெடி பீசு" என்று என் அக்கா மகன் ஒற்றை வரியில் கதையை முடித்துவிட்டான்.

இது காமெடி பீசாக ஆக்கப்பட்டது எப்படி என்பதுதான் இங்கே என் அக்கறை. நோகோச்சி என்ற பெயர், சுச்சினோகோ என்ற பழைய பெயரின் முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்றிப் போட்டது. சுச்சினோகோ ஜப்பானிய மலைக் கிராமங்களின் வாய்வழக்கில் வாழ்கிற பாம்பு. குட்டை, நடுவில் தடித்து, வால் சடாரென்று சிறுத்துப் போனது. எகிறித் தாவும், குறட்டை விடும், சாராய வாசனைக்கு வரும் என்றெல்லாம் பேச்சுண்டு. நம்ம மண்ணுளிப் பாம்பின் நடுவயிற்றை இன்னும் பருக்க வைத்துப் பார்த்தால் உருவம் பிடிபடும்.

அது இருக்கிறதா இல்லையா என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரை விழுங்கிய பாம்பு, சினையாக இருக்கும் விரியன், 1970களில் வளர்ப்புப் பிராணியாக இறக்குமதியான ஆஸ்திரேலிய நீலநாக்கு அரணை என்று விளக்கங்கள் பல இருக்கின்றன. அவை கிடக்கட்டும். ஒரு பிராணியைக் 'கூச்ச சுபாவி' என்று எழுதிவைப்பது யார்? தேடிக்கொண்டு போனவன். தேடப்படாத எதுவும் ஒளிவதில்லை. அப்படியென்றால் இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு இருந்தாக வேண்டும்.

2

பழைய பிரதிகளில் இது கூச்சப்படவே இல்லை. நோசுச்சி என்பது அதன் மூத்த பெயர். 712இல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி'யில் வயல்வெளிக்கு ஒரு பெண்தெய்வம் உண்டு: கயானோஹிமே. அவளுக்கு இன்னொரு பெயர் நோசுச்சி. நிலத்தின் ஆவி என்று பொருள். 'சுச்சி' என்கிற ஒலிக்கு மரச்சுத்தியல் என்றும் அர்த்தம் வருவதால், நாளாவட்டத்தில் ஆவி சுத்தியலானது; சுத்தியல் பாம்பானது. சுச்சினோகோ என்றால் சுத்தியல் பிள்ளை. கயிறு திரிக்கவும் செருப்புப் பின்னவும் வைக்கோலை அடித்து மெதுவாக்குகிற சுத்தியல்தான் இது. ஒவ்வொரு சம்சாரி வீட்டிலும் கிடந்த பொருள். தெய்வம் சரிந்து விழுந்த இடம் உழைப்பவனின் கொல்லைப்புறம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதை வீழ்ச்சி என்று மட்டும் வாசிக்க எனக்கு மனசில்லை.

1283இல் மூஜூ என்ற துறவி முடித்த 'ஷாசெகிஷூ' கதைத் தொகுப்பில் நோசுச்சி வேறு வேஷத்தில் வருகிறது. பேருக்கும் புகழுக்குமாகவே சாத்திரம் படித்த பிட்சு ஒருவன் செத்து நோசுச்சியாகப் பிறக்கிறான். கண் இல்லை, மூக்கில்லை, கைகால் இல்லை, வாய் மட்டும் உண்டு, மனிதரைத் தின்னும். படித்த படிப்பில் வாய் ஒன்றுதான் மிச்சம். (சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதுகிறவன் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுவது நல்லது.) 1779இல் தோரியாமா செகியென் வரைந்த பேய்ப்பட நூலில் நோசுச்சி ரோமம் அடர்ந்த உடம்போடு முயலை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1712இல் தெராஜிமா ரியோஆன் என்ற மருத்துவர் தொகுத்த 'வாகன் சன்சாய் ஸூஎ' கலைக்களஞ்சியம். யோஷினோ மலையில் இந்தப் பாம்பு உண்டு, மூன்றடி நீளம், தலையும் வாலும் ஒரே பருமன், பிடியில்லாத சுத்தியல் மாதிரி இருக்கும், மனிதர் காலைக் கடிக்கும் என்கிறது. சரிவில் வேகமாக இறங்கும், ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும். ஆகவே கண்டால் மேட்டைப் பார்த்து ஓடு என்று யோசனையும் சொல்கிறது.

ஆக, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட வேண்டியவன் மனிதன். மலை அதனுடையது, போகிறவன் வழி கேட்டுப் போக வேண்டும். இந்த உறவு தலைகீழானது எப்போது?

3

கிஃபு மாகாணத்தில் ஹிகாஷிஷிராகாவா என்று ஒரு மலைக்கிராமம். தேயிலையும் ஹினோகி மரமும் அதன் பிழைப்பு. அங்கே சுச்சினோகோவுக்குப் பெயர் சுச்சிஹென்பி. அந்த ஊரில் இன்றைக்கும் ஒரு பௌத்தக் கோயில் கிடையாது. மெய்ஜி அரசு ஷின்தோவைத் தேசத்தின் மதமாக நிறுவ முனைந்தபோது, அந்தப் பகுதியை ஆண்ட நாயேகி சமஸ்தானம் பௌத்தக் கோயில்களை அடியோடு ஒழித்தது. அமிதாப புத்தரின் பெயர் பொறித்த கல் ஒன்றை 1870இல் நாலாகப் பிளந்தார்கள். பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட அந்தக் கல் பிளவுக் கோடுகளோடு இன்னும் நிற்கிறது.

அடுத்து வந்தது அறிவொளி. இனோவே என்ரியோ (1858-1919) என்ற தத்துவ அறிஞர் பேய்பிசாசுகளை வகைபிரித்து, பொய்யானவற்றைக் கழித்துக்கட்ட ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அரசின் பள்ளிக்கூடமும் இந்தப் பகுத்தறிவும் ஒரே வண்டியில் ஏறி ஊருக்குள் வந்தபோது, சம்சாரியின் அறிவு மொத்தமுமே 'மூடநம்பிக்கை' என்கிற ஒற்றைப் பெட்டிக்குள் போடப்பட்டது. தேசத்துக்கான பெரிய புராணம் மட்டும் அந்தப் பெட்டிக்கு வெளியே பத்திரமாக இருந்தது. சக்கரவர்த்தி சூரியதேவியின் வம்சம் என்பதை யாரும் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை. வயல்தேவி பாம்பாகப் புரண்டதைத்தான் சேர்த்தார்கள்.

மூன்றாவது அடி 1906இல் வந்தது. கிராமத்துக்கு ஒரு கோயில் போதும், மற்றவற்றை ஒன்றோடொன்று சேர்த்துவிடு என்று அரசு உத்தரவிட்டது. பல பத்தாயிரம் சிறுகோயில்கள் இல்லாமல் போயின. யோஷினோ மலையை ஒட்டிய மியே, வாகயாமா மாகாணங்களில் அடி பலமாக விழுந்தது. கோயில் போனால் கோயில்காடும் போகும், மரம் காசாகும். மினாகாதா குமாகுசு என்கிற தாவரவியலாளர் இதை எதிர்த்து எழுதியும் கத்தியும் 1910இல் சிறைக்குப் போனார். காடும் தெய்வமும் பூச்சியும் பூஞ்சையும் ஊராரின் உறவும் ஒரே வலை என்பது அவருடைய வாதம். சூழலியல் என்ற சொல்லை அங்கே முதலில் அரசியலாக்கியவர்களில் அவர் ஒருவர்.

பிராணி வாய்மூடிப்போன காலம் இதுதான் என்று நினைக்கிறேன். ஹிகாஷிஷிராகாவாவில் அதைக் கண்டால் ஆகாது, கண்டதைப் பேசவும் கூடாது என்பது வழக்கம். இதை வெறும் விலக்கு என்று விட்டுவிடலாம். எனக்கு அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவும் தெரிகிறது. கல்லையே பிளந்தவர்கள் ஊருக்குள் இருக்கும்போது கண்டதையெல்லாம் எவன் சொல்வான்? முதலில் கூச்சப்பட்டது பாம்பு இல்லை, அதைப் பார்த்த ஜனம்.

4

போருக்குப் பிறகு அந்த மலைகளின் உருவமே மாறிப்போனது. 1950களிலிருந்து இயற்கைக் காட்டை வெட்டிச் சுகி, ஹினோகி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று ஜப்பானியக் காட்டில் ஏறத்தாழ நாற்பது சதவீதம், அதாவது சுமார் ஒரு கோடி ஹெக்டேர், இப்படி நட்ட காடு. 1964இல் மர இறக்குமதி முழுவதும் திறந்துவிடப்பட்டதும் உள்நாட்டு மரத்துக்கு விலை போயிற்று. நட்டவன் பட்டணம் போனான். கவனிக்க ஆளில்லாத காட்டுக்குள் பகலிலேயே இருட்டு. வைக்கோல் கயிறு போய் நைலான் கயிறு வந்தது. பிராணிக்குப் பெயர் தந்த சுத்தியலும் வீட்டைவிட்டுப் போயிற்று.

யோஷினோ மலைப்பகுதியில் ஷிமோகிதாயாமா என்று ஒரு கிராமம். மேட்டைப் பார்த்து ஓடு என்று 1712இன் கலைக்களஞ்சியம் சொன்னது இந்த யோஷினோவில்தான். 1964இல் இங்கே 111 மீட்டர் உயரத்தில் இகேஹாரா அணை எழுந்தது. குடியிருப்புகள் தண்ணீருக்கடியில் போயின. இந்த முறை ஜனங்கள் மேட்டைப் பார்த்துப் போனது பாம்புக்குப் பயந்து அல்ல.

இந்தச் சூழலில்தான் தேடுகிறவன் வருகிறான். யாமாமோதோ சோசெகி, மீன்பிடிப்பைப் பற்றி எழுதியவர். 1959இல் கியோட்டோவின் வடமலையில் எதையோ பார்த்துவிட்டு, சகாக்களைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தேடினார். 1972இல் தனாபே செய்கோ இந்தத் தேடலை நாவலுக்குள் கொண்டுவந்தார். அது தொலைக்காட்சித் தொடரும் ஆயிற்று. 1973இல் யாகுச்சி தகாவோவின் சித்திரக்கதை வந்தது. நாடு முழுக்கச் சுச்சினோகோ பைத்தியம் பிடித்தது. அதே 1973தான் எண்ணெய் நெருக்கடியின் ஆண்டும். அதிவேக வளர்ச்சி மூச்சிரைத்து நின்ற கணத்தில், வளர்ச்சிக்குப் பிடிபடாத ஒன்று எங்கேயோ ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்ப நகரத்துக்கு ஆசையாக இருந்திருக்கிறது.

இந்த ஆசைக்கும் ஒரு விலை உண்டு. அதுவரை பிராணிக்கு ஊருக்கொரு பெயர்: வடகிழக்கில் பாச்சிஹெபி, கிஃபுவில் சுச்சிஹென்பி, இன்னும் கோஹாஸ்ஸுன், சுச்சிகொரோபி என்று எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், தனிக் கதை. நாவலும் தொலைக்காட்சியும் சித்திரக்கதையும் சேர்ந்து மேற்கத்திப் பகுதியின் ஒரு வட்டாரப் பெயரை நாட்டுக்கெல்லாம் பொதுப்பெயராக்கின. பன்மை ஒற்றையானது. கொல்லாமலே ஒழித்துக்கட்டுகிற வித்தை இது.

யாமாமோதோ 1973இல் தன் தேடலைப் புத்தகமாக்கினார். தலைப்பு: 'ஓடிவிடு சுச்சினோகோ'. 1712இல் மனிதனுக்குச் சொன்ன யோசனை பிராணியிடம் திரும்பி வந்துவிட்டது. தேடியவனே தான் தேடுவதன் பொருளைக் கண்டு பதறிய இடம் என்று இந்தத் தலைப்பை நான் வாசிக்கிறேன்.

5

அப்புறம் பரிசுத்தொகை. 1988இல் அதே ஷிமோகிதாயாமா, அணை எழுந்த ஊர், சுச்சினோகோவைப் பிடித்தால் 10 லட்சம் யென் என்று அறிவித்தது. 1989இல் ஹிகாஷிஷிராகாவா தொடர்ந்தது. அங்கே மே 3ஆம் தேதி விழா, தேடல் நடக்கும், பரிசு 10 லட்சத்தில் தொடங்கி ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடும் என்று ஏற்பாடு. தகெஷிதா அரசு ஊராட்சிக்குத் தலா 10 கோடி யென் கொடுத்து, சொந்த ஊரை நீயே உருவாக்கிக்கொள் என்று சொன்ன காலம் அது. 1992இல் ஹியோகோ மாகாணத்தின் சிகுசா 20 கோடி யென் என்றது. 2000இல் ஒகாயாமாவின் யோஷீயில் புல்வெட்டும்போது ஏதோ கண்டதாகப் பேச்சு கிளம்பி, ஓர் உடலும் கிடைத்து, பல்கலைக்கழகம் சோதித்து யாமகாகாஷி என்ற சாதாரணப் பாம்பு என்றது. யோஷீ அசரவில்லை, 2 கோடி யென் பரிசு வைத்தது.

இதைச் சந்தையின் கோமாளித்தனம் என்று ஒதுக்குவது நமக்குச் சுலபம். நாட்டார் மரபு நுகர்பொருளாயிற்று, தீர்ந்தது விஷயம். ஆனால் சிகுசாவும் யோஷீயும் இன்று எங்கே? 1999இல் 3,232ஆக இருந்த ஊராட்சிகளை இணைத்து இணைத்து 2010க்குள் 1,727 ஆக்கினார்கள். 2005இல் சிகுசா ஷிசோ நகரத்துக்குள் போனது. யோஷீ ஆகாய்வா நகரத்துக்குள் போனது. பாம்பு அகப்படவில்லை, பரிசு அறிவித்த ஊர் காணாமல் போய்விட்டது. 1906இல் கோயில்களைச் சேர்த்த அதே கை, நூறு வருஷம் கழித்து ஊர்களைச் சேர்த்தது. ஹிகாஷிஷிராகாவா மட்டும் சுமார் இரண்டாயிரம் ஜனத்தோடு இன்னும் தனிக் கிராமம். பௌத்தக் கோயில் இல்லாத அந்த ஊரில் 1989இல் சுச்சினோகோவுக்கு ஒரு கோயில் எழுந்தது.

இதை வாசிக்கும்போது பரிசுச் சுவரொட்டி எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. 'காணவில்லை' என்று பிராணியின் பெயரைப் போட்டுத் தங்களைப் பற்றி அறிவித்துக்கொண்டார்கள்: நாங்கள் இங்கே இருக்கிறோம், எங்களைத் தேடி வாருங்கள்.

6

இப்போது விளையாட்டுக்கு வரலாம். போக்கிமானை உருவாக்கிய தாஜிரி சதோஷி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் விளிம்பில், மாச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடமாவதைப் பார்த்தவர். இழந்த அந்த வெளியைக் குழந்தைகளின் உள்ளங்கைக் கருவிக்குள் மீட்டுத்தர நினைத்தார். அந்த ஏக்கம் பொய்யில்லை. ஆனால் மீட்பின் வடிவம் என்ன? பிடி, எண் கொடு, குறிப்பேட்டை நிரப்பு. நோகோச்சிக்கு எண் 206. முதல் பதிப்பில் அது இருட்டுக் குகையில் அபூர்வமாகத்தான் தட்டுப்படும். விளையாட்டுக்குள் ஒரு மலையேறி தொலைபேசியில் கூப்பிட்டு 'அங்கே ஏகப்பட்டது வந்திருக்கு' என்றால் மட்டும் கூட்டமாக வரும். கிராமத்து வதந்தியின் இலக்கணம் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. இல்லாமல் போனது ஒன்றுதான்: பிடிபடாமல் இருக்கிற உரிமை. 2022 பதிப்பில் அதற்கு ஒரு பரிணாமம் கொடுத்தார்கள். இடுப்பில் ஒரு கணு கூடியது. நூற்றில் ஒன்றுக்கு இன்னொரு கணு.

பிராணிக் குறிப்பேடு, பரிசுச் சுவரொட்டி, கதைசேகரிப்பவனின் அட்டவணை மூன்றும் எனக்கு ஒரே குடும்பமாகப் படுகின்றன. மூன்றாவதில் நாமும் இருக்கிறோம். மலைக்குப் போய், தயங்குகிற கிழவியின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, 'தகவலாளி கூச்ச சுபாவம் உடையவர்' என்று குறித்துக்கொள்கிறோம். அவள் யாரிடமெல்லாம் இதற்குமுன் பேசினாள், பேசியதற்குப் பிறகு அவளுடைய காட்டுக்கு என்ன ஆனது என்பதற்கு நம் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும்.