வள்ளியூர் வட்டாரப் பள்ளிக்கல்வி

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, ராதாபுரம் வட்டத்திலுள்ள வள்ளியூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நடைபெறும் பள்ளிக்கல்வி அமைப்பு. அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆகிய மூன்றும் இங்கே அருகருகே இயங்குகின்றன. உதவிபெறும் பள்ளிகளில் பல கிறித்தவ சபைகளின் நிர்வாகத்தில் உள்ளவை. அதனால் சென்னையில் பிறக்கும் ஓர் அரசாணை இந்த வட்டாரத்துக்கு வந்து சேரும்போது பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டு நடைமுறையாகிறது.

தொடக்கம்

திருநெல்வேலிச் சீமையில் பள்ளிகளைப் பரவலாக்கியவை மிஷன் சங்கங்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1841இல் திசையன்விளைக்கு அருகிலுள்ள இடையன்குடியில் குடியேறிய மிஷனரி கால்டுவெல் அப்பணியைச் செம்மணல் தேரிக்காட்டுக்குள் கொண்டுசென்றார். 1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கைக்குப் பின், தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு மானியம் தருவதும் அதற்கு ஈடாக ஆய்வு செய்வதும் வழக்கமாயின. பணம் அரசுடையது, பள்ளி நிர்வாகத்தினுடையது என்ற ஏற்பாடு அப்போது அமைந்தது. டி.டி.டி.ஏ. எனப்படும் திருமண்டலப் பள்ளிகளும் கத்தோலிக்கப் பள்ளிகளும் இந்த வழியில் வந்தவை.

ஊதியமும் ஓய்வூதியமும்

1955இல் ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த திட்டம் உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கும் கிடைத்தது. நிர்வாகத்தின் தயவில் இருந்தவருக்கு முதுமையில் ஒரு பிடிமானம் ஏற்பட்டது.

ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியராயினர். ஒன்றியத் தலைவரைச் சார்ந்திருந்த நிலை அத்துடன் மாறியது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்ததால், ஒரே ஆசிரியர் அறையில் பழைய ஓய்வூதியக்காரரும் புதியவரும் அருகருகே உட்கார நேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் பெரும்பாலோர் மீண்டும் பணிக்குத் திரும்பினர். பழைய ஓய்வூதியக் கோரிக்கையுடன், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தது.

எல்லையும் எண்ணிக்கையும்

2018இல் பள்ளிக்கல்வித் துறை மாற்றியமைக்கப்பட்டபோது வள்ளியூர் தனிக் கல்வி மாவட்டமாயிற்று. தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலைப்பள்ளி வரை ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் வந்தன. நான்கு ஆண்டுகளில் அந்த ஏற்பாடு கலைந்தது. 2022இல் தொடக்கக்கல்வி, இடைநிலைக்கல்வி, தனியார் பள்ளி என அலுவலர்கள் மறுபடியும் பிரிக்கப்பட்டனர்.

பள்ளிக்கூடத்து ஆசிரியரை நேரடியாகத் தொடுவது ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கை. அன்று வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கொண்டே பணியிடம் நிர்ணயிக்கப்படும். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61ஆவது பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியர். ஜூனில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் சேர்க்கை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணிக்கை குறைந்தால் அரசுப் பள்ளி ஆசிரியர் ‘உபரி’யாகிப் பணிநிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். உதவிபெறும் பள்ளியில் அந்தப் பணியிடமே கைவிட்டுப் போகலாம்.

காலைச் சிற்றுண்டித் திட்டத்திலும் இந்த வேறுபாடு தெரிந்தது. அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் 2023 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்ட அத்திட்டம், ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது.

தகுதித் தேர்வு

கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டு மறுதேர்வு வைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

சாதியும் பள்ளியும்

மாணவர் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவது தென்மாவட்டங்களின் நீண்டகாலப் பிரச்சினை. அதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கைக்கு எதிர்ப்புக் கிளம்பியது. பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் அறிவித்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், வள்ளியூர்ப் பள்ளியொன்றில் படித்த பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வெட்டப்பட்டனர். தாக்கியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தனர். இதையடுத்து அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயரை நீக்குதல், கயிறுகளைத் தடை செய்தல், தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை இடமாற்றுதல், அப்பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அலுவலராக நியமிக்காதிருத்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில.

மதிப்பீடு

1955 முதல் ஆசிரியரின் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் அரசு படிப்படியாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உதவிபெறும் பள்ளிகளின் நியமனம் மட்டும் நிர்வாகத்திடமே நிற்கிறது. சந்துரு குழுவின் இடமாற்றப் பரிந்துரை அரசுப் பள்ளிகளில் ஓர் ஆணையால் நடக்கக்கூடியது. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த வள்ளியூர் போன்ற வட்டாரத்தில் அது முழுமையாக நிறைவேறச் சட்டம் வேண்டும். நிர்வாகம், ஊழியர், மாணவர் அனைவரையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டத்தை இயற்றும்படி அக்குழுவே பரிந்துரைத்திருக்கிறது.