புறாவின் கண் வழியே திருத்தப்பட்ட ஒரு தவறு

ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் நாம் மண்டையில் களிமண் என்போம். ஆங்கிலத்தில் பறவை மூளை என்பார்கள். இந்த வசவுக்கு விஞ்ஞானமும் பல வருடங்கள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிய வந்தது. புறா எப்படிப் பார்க்கிறது என்று தேடிப்போனவர்கள்தான் அந்தச் சாட்சியை உடைத்தார்கள்.

கதை ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஆரம்பிக்கிறது. லுட்விக் எடிங்கர் (1855-1918) மீன், தவளை, பல்லி, பறவை, பாலூட்டி என்று வரிசையாக மூளைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர். பரிணாமம் ஒரு ஏணி, ஒவ்வொரு படியிலும் பழைய மூளையின் மேல் புதிய பகுதி ஒன்று சேர்கிறது, உச்சிப்படியில் மனிதன் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. பாலூட்டிகளின் பெருமூளையில் மேலே அடுக்கடுக்கான புறணி இருக்கிறது, கார்டெக்ஸ் என்கிறார்களே அதுதான். அதற்கு அடியில் ஸ்ட்ரையேட்டம் என்ற திரள். அறிவு மேலே, பழக்கத்தில் வரும் அசைவுகள் கீழே என்று பிரித்து வைத்திருந்தார்கள். பறவையை அறுத்துப் பார்த்தால் அடுக்கே கண்ணில் படவில்லை, எல்லாம் திரளாக இருந்தது. அப்படியென்றால் ஏறக்குறைய முழுவதும் ஸ்ட்ரையேட்டம்தான் என்று முடிவு கட்டி, நியோஸ்ட்ரையேட்டம், ஹைப்பர்ஸ்ட்ரையேட்டம், எக்டோஸ்ட்ரையேட்டம் என்று வரிசையாகப் பெயர் சூட்டிவிட்டார்கள். 1936ல் கேப்பர்ஸ், ஹூபர், கிராஸ்பி மூவரும் எழுதிய ஒப்பீட்டு உடற்கூறியல் நூல் இந்தப் பெயர்களை ஊன்றி வைத்தது. எடிங்கரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவரிடம் இருந்தது உருவம் மட்டும்தான். உள்ளே என்ன ரசாயனம் ஓடுகிறது என்று பார்க்க அன்று வழியில்லை.

அந்த வழி 1949ல் கிடைத்தது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கறை படியும்படியான சாயமுறை ஒன்றை கெல்லும் பிரைடன்வால்டும் கண்டுபிடித்தார்கள். பாலூட்டியின் மூளைத் துண்டில் இதைச் செய்தால் ஸ்ட்ரையேட்டம் கருத்துப்போகும், கார்டெக்ஸ் வெளிறியே இருக்கும். புறாவின் மூளையில் கருத்தது அடியிலுள்ள ஒரு சிறு பகுதி மட்டும்தான்! அதன் மேலே, ஸ்ட்ரையேட்டம் என்ற பெயரோடு பெருமூளையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்த திரள் வெளிறிக் கிடந்தது. டோபமினும் இதையேதான் சொன்னது. 1967ல் ஜுவோரியோவும் மார்த்தா வோக்ட்டும் பறவை மூளையைப் பகுதி பகுதியாக எடுத்து அளந்தபோது, டோபமின் மிகுந்திருந்தது அதே அடிப்பகுதியில்தான்.

மேலே இருப்பது ஸ்ட்ரையேட்டம் இல்லையென்றால் வேறு என்ன? இங்கேதான் கண் வருகிறது.

பறவைகளில் விழித்திரையிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் ஏறக்குறைய எல்லாமே மூளையின் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடுகின்றன. அங்கிருந்து பெருமூளைக்கு இரண்டு பாதைகள். ஒன்று, நடுமூளையின் டெக்டம் போய், தலாமஸில் ரோட்டண்டஸ் என்ற உருண்டையான முடிச்சைத் தொட்டு, எக்டோஸ்ட்ரையேட்டத்தில் முடிகிறது. இன்னொன்று, தலாமஸுக்கு நேராகப் போய், அங்கிருந்து பெருமூளையின் உச்சியில் புடைப்பாகத் தெரியும் வுல்ஸ்ட்டை அடைகிறது. ஹார்வி கார்ட்டன் 1960களில் இந்த இணைப்புகளைத் துருவிக்கொண்டே போனார். 1966ல் அவரும் வில்லியம் ஹோடோஸும் ரோட்டண்டஸைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். வெளிச்ச வித்தியாசத்தையும் வடிவங்களையும் பிரித்தறியப் பழகியிருந்த புறாக்கள் தடுமாறின. (அந்தப் புறாக்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.) அசைவுக்கானது என்று ஒதுக்கப்பட்ட பகுதி, பார்வையின் முக்கியமான ஒரு நிலையமாக இருந்தது.

வுல்ஸ்ட்டும் சும்மா இல்லை. 1976ல் பெட்டிக்ரூவும் கொனிஷியும் ஆந்தையின் வுல்ஸ்ட்டில், இரண்டு கண்களும் காண்பதை ஒப்பிட்டுத் தூரத்தை உணர உதவும் செல்களைக் கண்டார்கள். பூனை, குரங்குகளின் பார்வைக் கார்டெக்ஸில் இருக்கும் அதே சங்கதி!

இத்தனை தெரிந்த பிறகும் பழைய பெயர்கள் நகரவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். புறாவைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர், ஸ்ட்ரையேட்டம் அல்லாத ஒன்றை ஸ்ட்ரையேட்டம் என்றே எழுதிக்கொண்டிருந்தார். பாலூட்டி மூளையைப் படிக்கிறவர் அந்தப் பெயரைப் பார்த்ததும், இதில் நமக்கு என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடலாம். 2002ல்தான் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். அந்த முடிவுகள் 2004ல் வெளியாயின.

அதோடு சண்டை ஓய்ந்துவிடவில்லை. 2020ல் ஜெர்மனியின் போஹும் நகரத்து ஓனூர் குந்துர்குன் குழுவினர், புறாவிலும் ஆந்தையிலும் இந்தத் திரளுக்குள் நரம்பிழைகள் நெடுக்கும் குறுக்குமாக, கார்டெக்ஸை நினைவூட்டும் ஒழுங்கில் ஓடுவதைக் காட்டினார்கள். அப்படியானால் இரண்டும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே உறுப்பா? 2025ல் வந்த ஆய்வுகள், கருவில் செல்கள் உருவாகும் விதத்தை ஒப்பிட்டு, பெரும்பாலும் வேறு வேறு வழிகளில் வந்து ஒரே மாதிரி அமைந்தவை என்ற பக்கம் சாய்கின்றன. எனக்கு இந்தப் பதில்தான் இன்னும் சுவாரசியமாகப் படுகிறது.

பெயர் மாற்றியவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். பழைய படங்களில் இருக்கும் சுருக்கெழுத்துகள் வீணாகாதபடி, முடிந்தவரை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எக்டோஸ்ட்ரையேட்டம் இப்போது என்டோபேலியம். நியோஸ்ட்ரையேட்டம் நிடோபேலியம் ஆயிற்று. லத்தீனில் நிடுஸ் என்றால் பறவைக்கூடு.