அரிசிக்கு இறப்பர்: 1952ஆம் ஆண்டின் இலங்கை–சீன ஒப்பந்தம் குறித்து ஒரு மறுநோக்கு

1952 டிசெம்பர் 18 அன்று பீக்கிங்கில் இலங்கை வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க ஒப்பமிட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, இலங்கை ஆண்டுதோறும் சீனாவுக்கு 50,000 தொன் இறப்பரை விற்று, அங்கிருந்து 2,70,000 தொன் அரிசியை வாங்கவேண்டியிருந்தது. அக்காலத்தில் இலங்கையின் இறப்பர் விளைவில் ஏறக்குறைய பாதியையும் அரிசி இறக்குமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கையும் ஒரே நாட்டோடு பிணைத்த இந்த ஏற்பாட்டை, அணிசேராக் கொள்கையின் முதல் வெளிப்பாடு என்று சிலரும், ஈராயிரம் ஆண்டுப் பௌத்தத் தொடர்பின் மறுமலர்ச்சி என்று வேறு சிலரும் எழுதிவருகின்றனர். இவ்விரு விளக்கங்களும் பின்னாளில் நேர்ந்ததை முன்னாளின் நோக்கமாகக் கொள்கின்றன. ஒப்பமிட்டது கம்யூனிச எதிர்ப்பில் உறுதியாக நின்ற ஐக்கிய தேசியக் கட்சி அரசு. 1950 சனவரியில் மக்கள் சீனத்தை ஏற்பிசைவு செய்திருந்தும், அதனோடு தூதரகங்களைப் பரிமாறிக்கொள்ள அது முன்வரவில்லை. அத்தகைய அரசைப் பீக்கிங்குக்கு அனுப்பியது அரிசி விலைக்கும் இறப்பர் விலைக்கும் இடையில் விழுந்த பள்ளமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொரியப் போர் தொடங்கியதும் இறப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. அமெரிக்கா தன் இருப்பை நிரப்பிக்கொண்டு, செயற்கை இறப்பர் ஆலைகளையும் மீண்டும் முழுவீச்சில் இயக்கியபின், 1951இன் நடுப்பகுதியிலிருந்து அந்த விலை சரியத் தொடங்கியது. அரிசியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. போரால் சிதைந்த பர்மாவின் நெல் ஏற்றுமதி பழைய அளவை எட்டாத நிலையில், ஆசியச் சந்தையில் அரிசி கிடைப்பதே அரிதாயிற்று. கிடைத்ததும் விலை மிகுந்திருந்தது. உணவில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்கி, அதற்கான பணத்தைத் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றைக் கொண்டே ஈட்டிவந்த நாட்டுக்கு இவ்விரு மாற்றங்களும் ஒரே வேளையில் நேர்ந்தன. இறப்பருக்குக் கூடிய விலையையும் அரிசிக்குக் குறைந்த விலையையும் கொழும்பு முதலில் கேட்டது வாஷிங்டனிடந்தான் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. சந்தை விலைக்கு மேல் தர அமெரிக்கா இசையவில்லை.

மறுபுறம், சீனாவுக்குப் போர்த்தளவாட முதன்மையுள்ள பொருள்களை விற்கக்கூடாது என்று 1951 மே 18 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தால், பெரிய இறப்பர் விளைநிலமாகிய மலாயாவின் வாசல் சீனாவுக்கு அடைபட்டது. இலங்கையோ அப்போது அச்சபையில் உறுப்பு நாடே அன்று. சோவியத் மறுப்புரிமையால் அதன் விண்ணப்பம் 1955 டிசெம்பர் வரை தேங்கிக் கிடந்தது. கம்யூனிச வல்லரசொன்று இலங்கையை வெளியில் நிறுத்தியதே மற்றொரு கம்யூனிச அரசோடு இலங்கை வணிகம் செய்வதற்கு உதவியாக அமைந்தது என்னும் முரணை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் எதிர்வினை இருவகைப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருள்களைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்போருக்கு உதவி மறுக்கும் 1951ஆம் ஆண்டின் பாட்டில் சட்டத்தின் கீழ், இலங்கைக்குப் பொருளாதார உதவி கிட்டாமற் போயிற்று. அதனினும் கூர்மையானது கந்தகத் தடை. இலையுதிர்ந்த இறப்பர் மரம் துளிர்விடும் பருவத்தில் இளந்தளிர்களில் ‘ஓயிடியம்’ எனப்படும் வெண்பூஞ்சண நோய் பற்றும். கந்தகத் தூளைத் தூவினாலன்றித் தளிர் கருகி உதிர்ந்து பால் குறையும். அக்கந்தகத்தை அனுப்ப அமெரிக்கா மறுத்தது. இறப்பரை விற்கவிடாமல் தடுப்பதும் விளையவிடாமல் தடுப்பதும் ஒன்றல்ல. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறுதோட்ட உடைமையாளரிடம் இரண்டாவது நடவடிக்கை தோற்றுவித்த கசப்பு, சீன ஒப்பந்தத்துக்கு உள்நாட்டில் இருந்திருக்கக்கூடிய எதிர்ப்பைப் பெரிதும் மழுங்கச்செய்தது என்று கருத இடமுண்டு.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி விலையில் இருக்கிறது. பேச்சுவழக்கில் இது பண்டமாற்று எனப்பட்டாலும், இரு பொருள்களுக்கும் தனித்தனியே பணமதிப்பில் விலை வைத்து, அவ்விலைகளை ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளும் முறையே கையாளப்பட்டது. தொடக்க விலை இறப்பருக்கு இறாத்தல் 32 பென்ஸ். அரிசிக்குத் தொன் 54 பவுண். 50,000 மெட்ரிக் தொன் இறப்பர் என்பது ஏறத்தாழ 11 கோடி இறாத்தல். 240 பென்ஸ் கொண்டது ஒரு பவுண் என்னும் அக்காலக் கணக்கில் அதன் பெறுமதி சற்றொப்ப 147 இலட்சம் பவுண். 2,70,000 தொன் அரிசியின் பெறுமதி 146 இலட்சம் பவுண். இரண்டும் ஏறக்குறைய ஒத்துநிற்பதை நோக்குமிடத்து, அளவுகளும் விலைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு திட்டமிட்டு அமைக்கப்பட்டன என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது. சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிட 32 பென்ஸ் தெளிவாக உயர்ந்தது. இறாத்தலுக்கு ஒரு பென்ஸ் கூடினாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 4.6 இலட்சம் பவுண், அதாவது 8,500 தொன் அரிசியின் விலை, இலங்கைக்கு மிகையாகக் கிட்டும். சீனா கொடுத்த இந்த மிகைவிலையைப் பெருந்தன்மை என்பதைவிட, தடையைத் தாண்டுவதற்கு அது செலுத்திய கட்டணம் என்பதே பொருந்தும்.

ஆயினும் ஒப்பந்தம் வந்ததும் உணவுச் சிக்கல் தீர்ந்தது என்று கொள்வது பிழை. ரூபாயின் மதிப்பு ஒன்றரை சிலிங்காக இருந்தமையால் 54 பவுண் என்பது 720 ரூபாய்; இரண்டு இறாத்தல் கொண்ட ஒரு கொத்து அரிசிக்குச் சீனத் துறைமுகத்திலேயே 65 சதம் விழுந்தது. பங்கீட்டுக் கடையில் அரசு அதை விற்றதோ 25 சதத்துக்கு. எஞ்சிய சுமை திறைசேரியின் தலையில் விழ, 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன விலையை 70 சதமாக உயர்த்தினார். கப்பற்கூலியையும் சேர்த்துப் பார்த்தால் இது சீன அரிசியின் அடக்கவிலையை ஒட்டியதே. அதன் விளைவு ஓகஸ்ட் 12ஆம் நாளின் ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிப் பேசியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஒப்பந்தம் அரிசியைக் கொண்டுவந்து சேர்த்தது. அதை வாங்கும் வலுவை மக்களுக்குத் தரவில்லை.

அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவலவின் ஆட்சிக்காலம் இவ்வாதத்துக்கு வலுவான சான்று. 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் நிலையைப் புதுவகைக் குடியேற்றவாதம் என்று சாடி, சௌ என்லாயின் சினத்துக்கு ஆளானவர் அவர். அந்த ஆண்டிலும் கொழும்பிலிருந்து இறப்பர் போய்க்கொண்டும் சீனாவிலிருந்து அரிசி வந்துகொண்டும் இருந்தன. மேடையில் மோதிய இரு அரசுகள் துறைமுகத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டதை இருமுகப் போக்கு என்று இகழவேண்டியதில்லை. வணிக உறவு அரசியல் நட்பைச் சார்ந்திராமல் தன்வழியே நடக்கமுடியும் என்பதையே அது காட்டுகிறது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு 1957 பெப்ரவரியில் தூதரக உறவை நிறுவியபோது, ஒப்பந்தம் தன் முதற் பருவத்தின் இறுதியாண்டில் இருந்தது.

தூதரக நெருக்கம் கூடிய அதே காலத்தில் வணிகச் சலுகை குறைந்தது. 1956இல் மலாயா, சிங்கப்பூர் இறப்பர் சீனாவுக்குச் செல்லப் பிரித்தானியா இசைந்ததும், இலங்கை இறப்பருக்கு மிகைவிலை தரவேண்டிய தேவை சீனாவுக்கு நீங்கிற்று. 1957இன் புதுப்பித்தலில் மிகைவிலை கைவிடப்பட்டு, அதற்கீடாக இறப்பர் மறுநடுகைக்கென ஐந்தாண்டில் 7.5 கோடி ரூபாய் நன்கொடை ஏற்பாடாயிற்று. விலையாக வந்தது உதவி என்னும் பெயர் பெற்றதும் பெறுபவர் கடமைப்பட்டவராகிறார். நட்பு வரலாறாக இதை எழுதுவோர் 1957ஐ ஏற்றமாகக் காட்டுவர். இலங்கையின் பேரவலிமையை அளவுகோலாகக் கொண்டால் அது இறக்கமே.

நன்மை யாரைச் சென்றடைந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. சிரட்டையில் வடிந்த பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் தகடாக்கிப் புகையில் உலர்த்தி, ஒட்டுப்பாலையும் சேர்த்துக் கடைக்காரரிடம் தூக்கிச்செல்லும் சிறுதோட்டக்காரர் உயர்ந்த விலையால் பயன்பெற்றார், அவர் வாக்காளருமாவார். பெருந்தோட்டங்களில் விடியலில் பால்வெட்டியோரில் கணிசமானோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமையையும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத்திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்த மலையகத் தமிழர். 1952 மேயில் நடந்த பொதுத்தேர்தலில், அதாவது இவ்வொப்பந்தத்தைச் செய்த அரசைத் தெரிந்தெடுத்த தேர்தலில், அவர்களுள் மிகப்பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்த இறப்பர்–அரிசி ஏற்பாடு 1982இல் முடிவுக்கு வந்தபோதும், அச்சமூகத்தில் ஒரு பகுதியினர் நாடற்றவர்களாகவே இருந்தனர்.