ஆளத்தி – மறந்துபோன ஒரு சங்கீதச் சொல்

சாஹித்யமும் தாளமும் இல்லாமல் வித்வான் ராகத்தை விஸ்தாரம் செய்வதை ஆலாபனை என்கிறோம். இதற்கே பழைய தமிழில் ‘ஆளத்தி’ என்று பெயர். இன்று கச்சேரிகளில் இச்சொல் காதில் விழுவதேயில்லை. யாரிடமாவது சொன்னால், “கல்யாணத்தில் எடுப்பார்களே, அதுவா?” என்று கேட்கக்கூடும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சுற்றும் அந்த ஆலத்தி வேறு. அது ஆரத்தியின் திரிபு.

ஆளத்தியின் இலக்கணம் சிலப்பதிகாரம் அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் இருக்கிறது. மஹாமஹோபாத்யாய உ.வே. சாமிநாதையரவர்கள் 1892-ல் அவ்வுரையோடு சிலம்பைப் பதிப்பித்த புண்ணியத்தால் அது நமக்குக் கிடைத்தது. முதலில் மகர ஒற்றால் சுருதியோடு இழைய வேண்டும். பிறகு குறிலும் நெடிலுமாக விரிக்க வேண்டும். ‘தென்னா, தெனா’ என்ற அசைகளில் பாட வேண்டும். இதில் காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று மூன்று வகை. பண்ணையே கருதிப் பாடுவது பண்ணாளத்தி.

சொல் எங்கிருந்து வந்தது? தேவகிரி யாதவ அரசன் சிங்கணன் (1210–1247) காலத்தில் சார்ங்கதேவர் இயற்றிய ஸங்கீத ரத்னாகரத்தில் ‘ஆலப்தி’ வருகிறது. லப் என்ற தாதுவுக்குப் பேசுதல் என்று பொருள். ஆலாபனையும் அதில் பிறந்ததே. ஸப்தமி சத்தமி ஆனது போல ஆலப்தி ஆலத்தியாகும். மங்கல என்பது மங்களமானது போல லகரம் ளகரமாகும். ஆகவே இதைத் தனித்தமிழ்ச் சொல் என்று வாதிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காகக் கலையும் இரவல்தான் என்று நம்மவர் சிலர் முடிவு கட்டுவதும் பிசகு. ரத்னாகரம் ராகாலப்தி, ரூபகாலப்தி என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. முன்னது உருப்படியைச் சாராதது. பின்னது உருப்படியின் ராக தாளத்துக்குள் நின்று செய்வது. நமது நிரவலுக்கு அருகில் வருகிறது. அடியார்க்கு நல்லாரின் மூன்று வகைகள் அந்தப் பிரிவினையின் மொழிபெயர்ப்பு அல்ல. பெயர் வடக்கிலிருந்து வந்திருந்தாலும் வகுத்த முறை இங்குள்ளது.

இன்னொரு சுவாரஸ்யம். பிரபந்தத்தின் ஆறு அங்கங்களில் ஒன்றாக ரத்னாகரம் ‘தேன’ என்ற அசையைச் சொல்கிறது. ‘தத்’ என்னும் பிரம்ம சப்தத்தோடு இணைத்து, அதை மங்களகரமானது என்கிறது. தமிழ் உரையின் ‘தெனா’வும் இதுவும் ஒரே குரலாகக் கேட்கவில்லையா? நமது வித்வான்களின் ‘ததரின’விலும், டில்லி, போபால் அன்பர்கள் கேட்டிருக்கக்கூடிய த்ருபத் ஆலாபின் ‘ரீ த ன தோம்’ அசைகளிலும் அதே தகரமும் னகரமும்தான் ஒலிக்கின்றன.